வாசல் பார்க்கும் குன்று

விற்பனைக்காரர் அனுப்பிய விவரத்தாளில், அந்த ஆக்சஸ் பாயின்ட் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருந்தது.

"முப்பத்தொண்ணு ஆனா என்ன பண்ணுமாம்?" என்றாள் ஹோர்லோ. "லீவு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுமா?"

சுமியா அந்தத் தாளை ஒதுக்கி வைத்தாள். ஜனவரியில் அவர்கள் ஊரில் நாற்பதைத் தொடாத வாரம் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் கருவி தன் சூட்டிலேயே பிழைத்துக்கொள்ளும். பேட்டரி தீர்ந்து ஒருமுறை அணைந்துவிட்டால்தான் வினை. உறைந்துபோனது, மறுபடி மின்சாரம் வந்தாலும் கண்ணைத் திறக்காது. போன குளிர்காலத்தில் பள்ளிக்கூடக் கூரையில் இருந்த ஒன்றை ஹோர்லோ கழற்றி, தன் அங்கிக்குள் கைக்குழந்தை மாதிரி வைத்துச் சூடேற்றி எழுப்பியிருக்கிறாள்.

தபால் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் அந்த இரண்டு பெண்களின் இன்டர்நெட் நிறுவனம். ஹோர்லோ முன்பு தொலைபேசி இணைப்பகத்தில் இருந்தவள். சுமியா மேய்ச்சல்காரர் வீட்டுப் பெண். மகள் உயங்காவுக்கு ஆறு வயது ஆனதும், அந்தப் பக்கத்துத் தாய்மார்கள் எல்லோரையும் போல அவளும் பள்ளிக்கூடத்துக்காகப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தாள். கணவன் கொன்சிக் ஆடுகளோடும் குதிரைகளோடும் குளிர்காலக் கிடையிலேயே தங்கினான். கோடை விடுமுறையில் எல்லோரும் ஒன்று சேர்வார்கள். புல் பழுத்ததும் பிரிவார்கள். ஒன்றிரண்டு வருடம் என்று நினைத்தது, மகனும் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் நீண்டுவிட்டது. ஊரில் மாலை நேரங்களைத் தள்ளுவதற்காகச் சுமியா கற்றுக்கொண்டதுதான் இந்தத் தொழில்.

ஊர் வீடுகளுக்கு இணைப்பு கொடுத்தாயிற்று. இனி ஷார் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் குளிர்காலக் கிடைகளுக்குக் கொடுக்க வேண்டும். கோடையில் யார் எங்கே சுற்றினாலும் பனி விழுந்ததும் அவரவர் கிடைக்குத்தான் திரும்புவார்கள். கல் வைத்துக் கட்டிய பட்டி அங்கேதான் இருக்கிறது. மொத்தம் பதினொரு கிடை.

"சுத்திலும் வீசுற மாதிரி ஒண்ணே ஒண்ணு வச்சா போதாதா?" என்று ஹோர்லோ கேட்டாள்.

"நனைஞ்ச குடையைச் சுழட்டுற மாதிரி எல்லாப் பக்கமும் தெறிக்கும். பாதி மலை மேலயே போய் விழும். யாருக்கும் தாகம் தீராது."

ஒரு பக்கமாகப் பார்க்கும் தட்டை ஆண்டெனா கொண்டவற்றில், நாற்பதுக்கும் கீழே தாங்கும் ஒரு வகையைத் தேர்ந்தெடுத்தார்கள். விலை கூடுதல்தான். ஆனால் அகலம் குறைவு, காற்றுக்குக் கப்பல்பாய் மாதிரி விரிந்து நிற்காது. அப்படி இரண்டு. இடம் மேற்குத் தோள்மலை. அங்கே பழைய தொலைக்காட்சிக் கோபுரத்தின் குடிசை நிற்கிறது, வண்டி மேலே வரை போகும், சுற்றுவட்டாரத்தில் அதைவிட உயரம் வேறில்லை. டவர் என்றால் உயரத்தில்தானே வைப்பார்கள்.

கணினி வரைபடத்தில் தோள்மலையிலிருந்து ஒவ்வொரு கிடைக்கும் கோடு இழுத்துப் பார்த்தாள் சுமியா. பத்துக் கோடுகள் பச்சையாக விழுந்தன. ஒன்று சிவப்பு, நடுவே மலை மறைத்தது. அது தோஹோய் என்கிற மடிப்பு. முழங்கையை மடக்கினால் உள்ளே விழும் குழி போன்ற இடம்.

"மூணாவதா ஒண்ணு வாங்கிக் கீழே எங்கேயாவது நிறுத்தலாமா?" என்றாள் ஹோர்லோ.

"மூணாவதுன்னா இன்னொரு சோலார் பலகை, இன்னொரு பேட்டரி. டிசம்பர் வெயில்ல ரெண்டுக்கே மூச்சு வாங்கும். ஒரு கிடைக்காக அவ்வளவு தேவையா?"

ஹோர்லோ திரைக்கு அருகே குனிந்தாள். "அந்த ஒரு கிடை உங்க வீட்டு ஆளோடதுதானேடி?"

"அதனாலதான் சொல்றேன். நம்ம ஆளுக்குன்னு தனியா ஒண்ணு போட்டோம்னா ஊர் சும்மா இருக்குமா?"

சொல்லி முடித்ததும் சுமியாவுக்கே அந்த வாக்கியம் ஆச்சரியமாக இருந்தது. எங்கோ ஏற்கெனவே மடித்து வைத்திருந்ததைப் போல மடிப்புக் கலையாமல் வந்திருந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. நாள் முழுக்கப் போட்டிருந்த காலணியைக் கழற்றும்போது பாதத்துக்கு வருமே, அந்த மாதிரி ஒரு லேசு. அது எதற்காக என்று அவள் பார்க்கவில்லை. அடுத்த கோட்டின் நீளத்தை அளக்கத் தொடங்கினாள்.

அக்டோபரில் பள்ளத்தாக்குக் குடும்பங்களின் கூட்டம் நடந்தது. கிடைகளின் தலைவர் ஜம்யன் எழுந்து திட்டத்தைச் சொன்னார். கடைசியில் குரலைச் சற்று உயர்த்தினார்.

"பத்து வீட்டுக்கு வருது. வராத அந்த ஒரு வீடு யாரோடது தெரியுமா? இந்தத் தங்கச்சியோட சொந்த வீடு. ஊருக்குன்னு எழுதி வாங்கிட்டுத் தன் வீட்டுக்கு முதல்ல இழுத்துக்கிறவங்களைத்தான் நாம பார்த்திருக்கோம். இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை."

கை தட்டினார்கள். அடுத்த வரிசையில் இருந்த துலாம் அக்கா திரும்பி, "எனக்கெல்லாம் இந்த மனசு வராது தாயே. எங்க ஆளு ஒரு மாசம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாரு," என்றாள்.

சுமியா சிரித்து வைத்தாள். ஆவி பறக்கும் பூஸ் கொழுக்கட்டையை அவசரத்தில் விழுங்கியவள் மாதிரி நெஞ்சுக்குள் ஏதோ சுட்டுக்கொண்டே இறங்கியது.

வீட்டுக்கு நடக்கும்போது முதல் தடவையாக அதைத் திருப்பிப் பார்த்தாள். கொன்சிக் கெட்டவன் இல்லை. குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை. பேசாதவன், அவ்வளவுதான். ஒன்று விட்டு ஒரு நாள் மாலையில் கைபேசியில் கூப்பிடுவான். சாப்பிட்டாயா, படித்தாயா, அம்மா சொல்வதைக் கேள் என்று பிள்ளைகளிடம் மூன்று விஷயம் சொல்வான். சுமியாவிடம் கொடுக்கும்போது தொடர்பு அநேகமாக அறுந்துவிடும். "அப்பாவோட பாடம் முடிஞ்சுது," என்று உயங்கா சொல்ல மூவரும் சிரிப்பார்கள்.

அந்தச் சுருக்கம் அவளுக்குப் பொருந்திப்போயிருந்தது. ஊரில் அவள் வேறு ஒருத்தி. ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்கிறவள், மற்றவர்கள் வந்து கேட்கும் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்கிறவள். தோஹோய்க்கு இன்டர்நெட் போனால், மாலை தோறும் அவன் முகம் அவள் வீட்டு அறைக்குள் வரும். வந்து பேசாமல் இருக்கும். கைபேசியின் மௌனத்தை வைத்துவிடலாம். முகத்தோடு வரும் மௌனத்தை என்ன செய்வது? அதை நிரப்ப வேண்டியவள் அவள்தான். கோடைகளில் அவள் நிரப்பியிருக்கிறாள். ஆகஸ்ட் முடிவதற்குள் வார்த்தை வற்றிப்போகும்.

இது காரணமாக இருக்க முடியாது என்று சொல்லிக்கொண்டாள். காரணம் பேட்டரி. அதையும் நம்பினாள்.

நவம்பரில் ஆறு உறைந்து இறுகியதும், தோள்மலையில் ஒரு கருவியைச் சோதனைக்கு ஓடவிட்டு, கெர் என்கிற வட்டக் கூடாரங்களில் எவ்வளவு உயரக் கம்பம் வேண்டும் என்று அளக்க ஹோர்லோவின் ரஷ்ய வேனில் கிளம்பினார்கள். முதல் கிடையிலேயே வரைபடத்தின் பச்சைக் கோடு பல்லிளித்தது. கூடாரத்தின் மேல் விளிம்பில் கருவியைப் பிடித்தால் சிக்னல் இல்லை. கம்பத்தை நீட்டி நீட்டி, பின்னால் நின்ற பாறையின் தலையைத் தாண்டிய பிறகுதான் வந்தது. இரண்டாவது கிடையிலும் அப்படியே. மூன்றாவதில் அதைவிட மோசம்.

"ஒவ்வொருத்தனும் பாறைக்குப் பின்னால ஒளிஞ்சு உட்கார்ந்திருக்கான், கடன்காரனுக்குப் பயந்தவன் மாதிரி," என்று ஹோர்லோ உறைந்த கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு சொன்னாள். "இத்தனை உயரக் கம்பம் காத்துல நிக்குமா? ஒவ்வொண்ணுக்கும் மூணு பக்கம் கம்பி இழுத்துக் கட்டணும்."

ஒளிந்துதான் உட்கார்ந்திருந்தார்கள். மேற்கிலிருந்து வரும் காற்று கண்டுபிடிக்க முடியாத இடமாகப் பார்த்துத்தானே கிடை போடுவது. இது சுமியாவுக்குத் தெரியாததல்ல. அவள் பிறந்ததே அப்படி ஒரு பாறைக்குப் பின்னால்தான்.

நாலாம் நாள் பிற்பகல் தோஹோய் வந்தது. அளக்க அங்கே எதுவும் இல்லை. ஆனால் அந்த வழியாகப் போய்விட்டு நுழையாமல் வர முடியாது. கொன்சிக் பட்டியின் கல்லை அடுக்கிக்கொண்டிருந்தான். நாயை அடக்கிவிட்டு, இருவரையும் கெருக்குள் அழைத்து உப்புப் பால் தேநீர் ஊற்றினான்.

"எல்லாம் அளந்தாச்சா?" என்று ஹோர்லோவிடம் கேட்டான்.

"அளந்தாச்சு அண்ணே. உங்க பொண்டாட்டி பத்துப் பேருக்குக் கொடிமரம் நட வைக்கப் போறா."

அவன் சிரித்தான். சுமியாவிடம், "தொண்டை கட்டியிருக்கு போல," என்றான். "ம்," என்றாள். அதோடு நின்றது.

வெயில் சாயத் தொடங்கியதும் எழுந்து நரித்தோல் தொப்பியைப் போட்டுக்கொண்டான். "இன்னிக்கு அழைக்கிற நாள். பசங்க காத்திருக்கும். மேல போயிட்டு வந்துடறேன்."

"நானும் வரேன்," என்றாள் சுமியா. ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை. ஹோர்லோவின் எதிரில் சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்ததால் இருக்கலாம்.

கைபேசிக்குச் சிக்னல் கிடைப்பது மலைமுதுகில்தான் என்று அவளுக்குத் தெரியும். 'மேல வந்திருக்கேன்' என்று அவன் சொல்லி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். குளிர்காலத்தில் அங்கே நின்றதில்லை. குளிர்காலத்தில் அவள் ஊரில் இருப்பவள்.

மடிப்பை விட்டு வெளியே தலை தெரிந்த கணத்தில் காற்று அறைந்தது. கண்ணில் நீர் கட்டி, இமை மயிரில் உடனே உறைந்தது. உச்சியில் முழங்கால் உயரத்துக்கு வளைவாகக் கல் அடுக்கியிருந்தது. அவன் அடுக்கியதுதான். அதற்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து அவளையும் இழுத்து உட்காரவைத்தான். அங்கிக்குள், வயிற்றுக்கு மேல் கட்டியிருந்த கம்பளித் துண்டிலிருந்து கைபேசியை எடுத்தான். கையுறையைப் பல்லால் கழற்றினான்.

"உயங்கா! சாப்பிட்டீங்களா?" அவன் கத்தினான். கத்தினால்தான் கேட்கும். "படிச்சியா? ஹோர்லோ வீட்டுச் சித்தப்பா சொல்றதைக் கேளுங்க, அம்மா வர்ற வரைக்கும். தம்பிக்கு..."

அவன் கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். கறுத்துவிட்டிருந்தது.

"செத்துப்போச்சு. இந்தக் குளிருக்குச் சட்டுனு செத்துடும். அதான் முக்கியமானதை முதல்ல சொல்லிடுறது," என்றான். விரல்களை வாயருகே வைத்து ஊதினான். நுனிகள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன.

ஊரில், சூடான அறையில், கரகரவென்று ஒரு இரைச்சலோடுதான் அவன் குரல் வரும். மலிவான கைபேசி என்று நினைத்திருந்தாள். அது இந்தக் காற்று. அவனுடைய சுபாவம் என்று அவள் முடிவு செய்து, அதன் மேல் தன் நாட்களை அமைத்துக்கொண்டது, இந்தக் கற்களுக்குப் பின்னால் கிடைக்கும் கொஞ்ச நேரத்தின் நீளம்.

"தம்பிக்கு என்ன சொல்ல வந்தே?" என்று அவன் காதருகே கேட்டாள்.

"அவன் குட்டிக்குதிரை இருக்குல்ல, அது ஓநாயை உதைச்சுது. நிஜமா. போன வாரம். பல்லு ஒண்ணு கிடைச்சுது, எடுத்து வச்சிருக்கேன். மூணு தடவையாச் சொல்லப் பார்க்கிறேன், அதுக்குள்ள போயிடுது."

இறங்கும்போது ஓநாய்க் கதையை முழுதாகச் சொன்னான். நடுவில் நின்று குதிரை எப்படித் திரும்பியது என்று உடம்பால் காட்டினான். பேச்சாளன் ஆகிவிடவில்லை. சொன்னதையே இரண்டு தடவை சொன்னான், முக்கியமான இடத்தில் வேறெங்கோ போனான். ஆனால் அவனிடம் சொல்ல இருந்திருக்கிறது.

காற்று எட்டாத இடத்துக்கு வந்ததும் நின்றான்.

"டவர் இங்க வராதுன்னு ஜம்யன் சொன்னான். உன் பொண்டாட்டி மாதிரி உண்டான்னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலை." அவன் பட்டியைப் பார்த்தான். "எனக்கு வேற மாதிரி தோணுச்சு. நீ அங்க நிம்மதியா இருக்கே, அது கலையக் கூடாதுன்னு பார்க்கிறியோன்னு."

குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் அவளுக்குப் பதில் இருந்தது: பேட்டரி, வெயில், வாட் கணக்கு. அந்த மூன்றும் வாய் வரை வந்து நின்றன. இப்போது இதைச் சொல்லாவிட்டால் இனி எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது என்று பட்டது.

"ஆமா," என்றாள். "நிம்மதியாத்தான் இருந்தேன்."

அவன் தலையாட்டினான். "நானும் சில நாள் அப்படித்தான்," என்றான். "எல்லா நாளும் இல்லை."

மறுநாள் காலை வறட்டிக்கூடையை எடுக்க வெளியே வந்தாள். கெர் வாசல் குள்ளம், எல்லோரும் குனிந்துதான் வெளியே வர வேண்டும். நிமிர்ந்தபோது எதிரே ஆற்றுக்கு அக்கரையில் ஒரு தாழ்ந்த குன்று வெயிலில் நின்றது. அதைப் பார்த்தபடியே நின்றாள். பத்துக் கிடைகளிலும் அவர்கள் கெரின் பின்பக்கம் போய், பாறையின் மேலே, மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் கெரின் வாசலும் தெற்கேதான். பள்ளத்தாக்கில் ஒளிந்து உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் ஒளியாமல் விட்டிருக்கும் ஒரே பக்கம் அது. மற்றக் கிடைகளிலும் குனிந்து நிமிரும்போதெல்லாம் இந்தக் குன்றுதான் கண்ணில் பட்டிருந்தது, இடது கையிலோ வலது கையிலோ.

வேனுக்குள் எஞ்சினுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்த ஹோர்லோவிடம் ஓடினாள்.

"தோள்மலையிலேர்ந்து அந்தக் குன்றுக்குச் சிக்னலை ஒரு தாவு தாவ விடலாம். ரெண்டு கருவியும் குன்றுல இந்தப் பக்கம் பார்த்து. பத்துக் கொடிமரமும் வேணாம். கெர் வாசலுக்கு மேலயே கருவியைக் கட்டிடலாம்."

ஹோர்லோ குன்றைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். "கம்பத்துக்கு வச்ச காசுல தாவுறதுக்கு பேட்டரி வாங்கிடலாம்," என்று மெல்லச் சொன்னாள். பிறகு, "ஆறு குறுக்க இருக்கே. உருகினா ரிப்பேருக்கு எப்படிப் போறது?"

"உருகுற சமயத்துல கிடையில யாரு இருப்பா?"

ஹோர்லோ பெருமூச்சு விட்டாள். "இதை நாலு நாள் முன்னாடி சொல்லியிருந்தா என் விரலெல்லாம் எனக்கே சொந்தமா இருந்திருக்கும். அப்போ தோணலையா?"

"தோணுச்சு," என்றாள் சுமியா. "செப்டம்பர்லயே வரைபடத்துல பார்த்தேன். 'அக்கரை, வண்டி போகாது'ன்னு எழுதிட்டுத் தள்ளிட்டேன். குளிர்காலம் பூரா ஆத்து மேலதான் எல்லாரும் வண்டி ஓட்டுறோம்னு எனக்குத் தெரியாதா?"

ஹோர்லோ எஞ்சின் மூடியைச் சாத்தினாள்.

டிசம்பர் நடுவில், ஆண்களும் பெண்களுமாகப் பனிக்கட்டி மேல் சாமான்களை இழுத்துக்கொண்டு போய்க் குன்றில் கம்பத்தை நிறுத்தினார்கள். ஜம்யன் அவ்வளவாகப் பேசவில்லை. கூட்டத்தில் தான் கொடுத்த புகழைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழி தெரியாதவர் போல, கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். துலாம் அக்காவுக்கு அந்தச் சங்கடம் இல்லை.

"பார்த்தீங்களா, ரெண்டு மாசம் தாங்கலை. டவரைப் புருஷன் வாசலுக்கே திருப்பிட்டா."

சுமியா தட்டை ஆண்டெனாவின் சாய்வைச் சரிபார்த்துத் திருகை இறுக்கிக்கொண்டிருந்தாள். பதினொரு பேருக்கும் இதுவே நல்லது என்று விளக்கலாம். சிக்னல் அளவைக் காட்டலாம். அதெல்லாம் உண்மைதான்.

"ஆமாக்கா," என்றாள். "அவர் வாசலுக்காகத்தான் பார்த்தேன். உங்க வாசலும் அதே பக்கம் இருந்துடுச்சு."

சிலர் சிரித்தார்கள். துலாம் அக்காவும் சிரித்தாள், "கொழுப்பைப் பாரு," என்று சேர்த்துக்கொண்டு.

இணைப்பு வந்த மறுநாள் மாலை, பிள்ளைகள் அப்பாவின் முகத்தைத் திரையில் பார்த்துக் கத்தித் தீர்த்தார்கள். மகன் ஓநாய்ப் பல்லை அருகில் காட்டச் சொல்லி, பிறகு இன்னும் அருகில் காட்டச் சொன்னான். அப்புறம் அவன் வெளியே ஓடினான், உயங்கா பாடத்தில் குனிந்தாள். சுமியா மடிக்கணினியின் எதிரில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

கொன்சிக் அடுப்பின் அருகே அறுந்த சேணவாரைத் தைத்துக்கொண்டிருந்தான். அவள் உருளைக்கிழங்கை எடுத்துத் தோல் சீவத் தொடங்கினாள். அவன் எதுவும் சொல்லவில்லை. ஏதாவது சொல் என்று உள்ளே அந்தப் பழைய அவசரம் எழுந்தது. வானிலையைக் கேட்கலாமா, ஆடுகளைக் கேட்கலாமா என்று தேடியது. அவள் அதைத் தேட விட்டுவிட்டுக் கிழங்கைச் சீவினாள். ஊசி தோலில் நுழைந்து வரும் சத்தம் கேட்டது. கத்திச் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

ஒருமுறை அவன் நிமிர்ந்து பார்த்தான். அவளும் பார்த்தாள். வாயால் நூலை அறுத்துவிட்டு மறுபடி குனிந்தான்.

கணக்கு முடிக்க வந்த ஹோர்லோ கதவருகிலிருந்தே எட்டிப் பார்த்தாள். "யாரும் பேசலையே. கட் பண்ணிடவா?"

"வேணாம்," என்றாள் சுமியா. "இருக்கட்டும்."